பால்வாடிக்கு அனுப்பாத நாங்கள்

2017-இல் ஒரு நாள். தெருக்கோடி பால்வாடியில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறார்கள் என்று ஆயா வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். எடையை அட்டையில் குறித்துத் தந்ததும் திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் இவள் இறங்கி ஓடிவிட்டாள். பாய் விரித்து எட்டுப் பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முறம். அதில் புளியங்கொட்டை, சோழி, பாட்டில் மூடி எல்லாம் கலந்து கிடந்தன. எது எதோடு சேரும் என்று பிரித்து வைக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. என் மகள் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடம் பிடித்து, மூடிகளை நிறம் பார்த்து அடுக்கத் தொடங்கினாள். பக்கத்துப் பையன் ஒரு நீல மூடியைச் சிவப்போடு வைத்தபோது அவன் கையைப் பிடித்து இந்தப் பக்கம் நகர்த்தினாள். வீட்டில் பத்து நிமிடம் ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை.

டீச்சர் பார்த்துச் சிரித்தார். ஐம்பதை நெருங்கும் வயது. “பாப்பா இருக்கட்டுமேம்மா. மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போங்க. நாளைலேர்ந்து அனுப்பிடுங்க.”

“இல்ல டீச்சர், நான் வீட்லதானே இருக்கேன்” என்றேன்.

மகள் அழ அழத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் கையில் ஒரு மூடி இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்ததும் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்; யார் யார் வாயில் வைத்ததோ என்று. இதையும் எழுதிவிட வேண்டும்.

எட்டு மாதம் கழித்து அவளை ஒரு ‘ப்ளே ஸ்கூலில்’ சேர்த்தோம். ஒரு வீட்டின் கார் ஷெட்டை அடைத்துக் கட்டிய அறை, சுவரில் மிக்கி மவுஸ், ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம். சறுக்குமரம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் நான்கு கோடு நோட்டு. பென்சிலைப் பிடிக்கும் அளவுக்கு விரல் தேறாத பிள்ளை பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தை இழுத்துக்கொண்டு வருவாள். நாங்கள் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவோம். மாதம் 1,500 ரூபாய். வேனுக்குத் தனி. இப்போது பால்வாடி டீச்சரிடம் சொன்ன காரணம் எங்கே போயிற்று? நான் அப்போதும் வீட்டில்தான் இருந்தேன்.

ஆக, ‘வீட்டில்தானே இருக்கிறேன்’ என்பது காரணமே அல்ல. மரியாதையாக மறுக்க எங்கள் தெருவில் எல்லாரிடமும் இருந்த ஒரு வாக்கியம். திருச்சியின் ஓரத்தில், வயலாக இருந்த மனைகளில் எழுந்த தெரு எங்களுடையது. வங்கி ஊழியர் வீடு, இரண்டு ஆசிரியர் வீடு, மின்வாரியத்தில் இருப்பவர், வெளிநாட்டில் கணவர் இருக்கும் இரண்டு பெண்கள், என்னைப் போல வேலையை விட்டவர்கள் மூன்று பேர். பகலில் வீட்டில் இருக்கும் அம்மாக்கள் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. கடந்த பத்தாண்டுகளில் எங்கள் தெருவிலிருந்து பால்வாடிக்குப் போன பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்று. அதுவும் எங்கள் பிள்ளை அல்ல. எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்த்த அக்காவின் மகன்.

பால்வாடியை நாங்கள் அடியோடு ஒதுக்கவும் இல்லை. போலியோ சொட்டு மருந்துக்குப் போனோம். கர்ப்பமாக இருந்தபோது பதிந்துகொண்டோம், உதவித்தொகைக்கு அந்தப் பதிவு வேண்டியிருந்ததால். சத்துமாவு பாக்கெட்டை வாங்கி வந்தோம். வாங்கிய மாவைப் பிள்ளைக்குக் கொடுத்தோமா? ஒரு வீட்டில் மாட்டுக்குக் கலந்தார்கள், ஒரு வீட்டில் நாய்க்கு. நான் வேலைக்கார அக்காவிடம் கொடுத்து, கொடுத்ததற்காக என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டேன். ஓட்டுப் போடவும் அந்தக் கட்டடத்துக்கே போனோம். பிள்ளையை மட்டும் அனுப்பவில்லை.

பெயரையே தவறாகத்தான் கேட்டிருக்கிறோம். பால்வாடி என்றால் பால் கொடுக்கும் இடம் என்று என் மாமியார் சொல்வார். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பெயரில் ‘பால்’ என்பது பாலகர். மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் 1945-இல் தாராபாய் மோடக் தொடங்கிய வேலையில் ஊன்றியவை பால்வாடி, அங்கன்வாடி என்ற சொற்கள். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனது. முற்றத்துப் பள்ளி என்பதுதான் அங்கன்வாடி. குழந்தைக் கல்வியையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவர் பாட்டும் கதையும் மண்ணும் விதையும் வைத்துக் கட்டிய இடத்தை நாம் சோற்றுக்கூடமாகக் கேட்டோம்.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் ஆறு சேவைகள். ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மாருக்குச் சத்துணவு பற்றிய போதனை, முன்பருவக் கல்வி. தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோது பள்ளிக்குப் போகும் முன் உள்ள சிறுபிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. நல்ல காரியம், எத்தனையோ உயிரைக் காத்த காரியம். ஆனால் அந்தச் சோற்றின் புகழில் ஆறாவது சேவை நம் கண்ணில் படாமல் போயிற்று. சோறு தேவைப்படாத வீட்டுக்காரர்கள் நாம். நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தீர்மானித்துவிட்டோம்.

‘நாங்கள்’ என்று தொடங்கியவள் ‘நாம்’ என்று மாறிவிட்டேன். தெருவோடு நிற்கிற விஷயம் அல்ல இது. படிக்கிற உங்களையும் சேர்க்காமல் மேலே எழுத முடியாது.

அரசியல் சாசனத்தின் 45-ஆம் பிரிவு முதலில் எழுதப்பட்டபோது, பதினான்கு வயது நிறையும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றுதான் இருந்தது. கீழ் வரம்பு ஏதும் இல்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்றது. அங்கும் கீழ் வரம்பு இல்லை. 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தது. கல்வி அடிப்படை உரிமையாகிவிட்டது என்று கொண்டாடினோம். அந்த உரிமை ஆறு முதல் பதினான்கு வயது வரை. ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அரசு ‘முயலும்’ என்று 45-ஆம் பிரிவைத் திருத்தி எழுதினார்கள். ஒரு சொல்லில் கோடிக்கணக்கான பிள்ளைகளை வெளியே நிறுத்தினார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் இல்லை. நான் அப்போது கல்லூரி மாணவி. பட்டிமன்றத்தில் அந்தத் திருத்தத்தைப் புகழ்ந்து பேசிக் கைதட்டல் வாங்கினேன்.

2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் அதே வரம்பில்தான் வந்தது. மூன்று முதல் ஆறு வயதுக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது அதன் 11-ஆம் பிரிவு. மாறாக, 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடியில் இலவச உணவைச் சட்ட உரிமையாக்கியது. அங்கன்வாடியை எல்லாக் குடியிருப்புக்கும் கொண்டுபோகச் சொன்ன 2006-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவும் உணவு உரிமை வழக்கில் பிறந்ததே. முட்டை வரவில்லை என்றால் வழக்குப் போடலாம். பாட்டு வரவில்லை என்றால், கதை வரவில்லை என்றால், காலை முழுக்கப் பிள்ளைகள் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தால் எந்தச் சட்டத்தைக் காட்டுவது? அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் யார்? சோற்றுக்காகப் போராடியவர்கள் பசித்தவர்களும் அவர்களோடு நின்றவர்களும். பாட்டுக்காகப் போராடியவர்கள் சிலரே. வயிறு நிறைந்தவர்கள் செய்திருக்க வேண்டிய போராட்டம் அது. நாம் ப்ளே ஸ்கூல் விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தி மகள் போன ஆண்டு தொலைபேசியில் குமுறினாள். அங்கே மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அரசு செலவில் வாரம் 15 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம். பெற்றோர் வேலைக்குப் போனால் அது 30 மணி நேரம். அவள் வீட்டில் இருக்கிறாள். அதனால் அவள் மகனுக்குப் பாதி. “படிக்கிறது பிள்ளைதானே அக்கா, நான் சம்பாதிச்சா என்ன, சம்பாதிக்காட்டி என்ன?” என்றாள். அவள் கேள்வி நியாயம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் பதில் வரவில்லை. அம்மா வேலைக்குப் போகிறாளா என்று எங்கள் ஊர் அங்கன்வாடி ஒருநாளும் கேட்டதில்லை. அவள் பாதிக்காகப் போராடுகிறாள். முழுதும் கிடைத்த நான் கையில் இருந்த மூடியைக்கூடப் பிடுங்கி எறிந்தேன்.

அம்மா வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும் என்ற எண்ணம் அம்மாவுக்கும் நியாயம் செய்யவில்லை. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97. ‘சும்மா இருப்பவள்’ என்று நம்மைச் சொல்கிறவர்களிடம் நாம் கோபப்படுவோம். ஆனால் பிள்ளையின் காலைப்பொழுது பற்றி முடிவெடுக்கும்போது நாமே ‘சும்மாதானே இருக்கிறேன்’ என்போம். நான் என் மகளுக்கு அந்த எட்டு மாதக் காலை நேரங்களில் கொடுத்தது என்ன? குக்கர் விசில்கள், துணி காயப்போடுதல், கைபேசியில் யானைப் பாட்டு. அன்பு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. இன்னொரு பிள்ளையின் கை இல்லை. நீல மூடியைத் தவறாக வைக்கும் பையனும் அவன் கையைப் பிடித்து நகர்த்தும் சந்தர்ப்பமும் இல்லை.

இனி வருவது எளிதாக எழுத வருவதல்ல. “சுத்தமா இருக்காது”, “இங்கிலீஷ் சொல்லித்தர மாட்டாங்க”, “சூழல் சரியில்லை” என்று மூன்று காரணங்களைத் தெருவில் சுழற்றிக்கொண்டிருந்தோம். முதல் இரண்டும் வெறும் வழிப்பேச்சு. மூன்றாவதில்தான் விஷயம். சூழல் என்றால் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்பது. பின்பக்கக் காலனியிலிருந்து வரும் பிள்ளைகளோடு ஒரே பாயில், ஒரே குழம்பு. சாதி என்ற சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டோமே தவிர, அதைச் செய்ய வெட்கப்படவில்லை. கிராமங்களில் இன்னும் பச்சையாக நடக்கிறது. சமைப்பவர் யார் என்று பார்த்துப் பிள்ளையை நிறுத்துகிறார்கள். செய்தித்தாளில் அதைப் படித்து ‘காட்டுமிராண்டிகள்’ என்று சொன்ன நாங்கள், அதையே வேன் வைத்துச் செய்தோம்.

பிறகு இருபத்தைந்து சதவீத ஒதுக்கீடு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில், நம் மாநிலத்தில் பெரும்பாலும் எல்.கே.ஜி.யில், நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு இடம். கட்டணத்தை அரசு தரும். நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனசாட்சியைத் தொட்டுச் சொல்வோம், நம்மில் எத்தனை பேர் அந்த வருமானச் சான்றை உள்ளபடி வாங்கினோம்? கார் நிறுத்தியிருக்கும் வீட்டுக்கு 72 ஆயிரம் ரூபாய் என்று சான்று வாங்கியவரை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நான் காபி குடித்திருக்கிறேன், எதுவும் கேட்டதில்லை. தெருக்கோடியில் அரசு நேரடியாக நடத்தும் இடம் காலியாகக் கிடக்க, அதே அரசின் பணத்தைத் தனியார் வாசலில் வாங்கப் பொய் சொன்னோம்.

2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. அதே கட்டடம், அதே பிள்ளைகள், கூடுதலாக ஒரு ஆசிரியர், மேலே ஆங்கிலப் பெயர். 2022 ஜூனில் அந்த வகுப்புகளை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. எத்தனை கூச்சல்! அறிக்கைகள், தலையங்கங்கள், தொலைக்காட்சி விவாதங்கள். சில நாட்களிலேயே அரசு முடிவை மாற்றிக்கொண்டது. நானும் ஒரு கட்டுரை எழுதினேன். அந்தக் கட்டுரையில் ‘அங்கன்வாடி’ என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது, அதுவும் ‘அங்கன்வாடிக்குத் தள்ளுவதா?’ என்ற வாக்கியத்தில். எடுத்துப் படித்துப் பார்த்தேன், கூசுகிறது. ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கும் மாநிலத்தில் 2,381-க்காகக் கத்தினோம், அதற்கு எல்.கே.ஜி. என்று பெயர் இருந்ததால். அந்த வகுப்புகளுக்கு எடுத்த தற்காலிக ஆசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய்தான் என்று வந்தபோது எழுதினோமா? இல்லை.

டீச்சர் கதைக்கு வருகிறேன். அன்று புளியங்கொட்டை விளையாட்டை நடத்திய அதே டீச்சரைப் போன மார்கழியில் பார்த்தேன். பிள்ளைகள் ஆயாவோடு இருந்தார்கள். டீச்சர் வெளியே திண்ணையில், கையில் வாக்காளர் பட்டியல். நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்த வேலை. வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக ஆசிரியர்களோடு அங்கன்வாடிப் பணியாளர்களையும் போட்டிருந்தார்கள். அது போக போஷன் டிராக்கர் செயலி. 2021 முதல் ஒவ்வொரு பிள்ளையின் எடையும் உயரமும் வருகையும் அதில் ஏற வேண்டும். இப்போது சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தையும் அது பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும். “சிக்னல் கெடைக்கணும்னா மாடிக்கு ஏறணும்மா. நான் ஏறுனா கீழ பாட்டு நின்னுடும்” என்றார். 2023 மே மாதம் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பருவக் கல்வி நடக்க வேண்டும் என்கிறது. பணம் ஒதுக்கிய அரசே அந்த இரண்டு மணி நேரத்தை அவரிடமிருந்து எடுத்து வேறு வேலைகளுக்குப் பிய்த்துக் கொடுக்கிறது. “எங்கள் பிள்ளையின் பாட்டு நேரத்தில் ஏன் டீச்சரை வெளியே அனுப்புகிறீர்கள்” என்று தாசில்தாரிடம் கேட்க ஒரு பெற்றோர் வேண்டும். காலனியிலிருந்து வரும் அம்மாக்கள் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகலில் நேரமுள்ள, மனு எழுதத் தெரிந்த, அலுவலகத்தில் நாற்காலி போட்டுப் பேசவைக்கப்படும் அம்மாக்கள் நாங்கள்தான். எங்கள் பிள்ளைகள் அங்கே இல்லை. எங்களுக்கு வழக்கும் இல்லை.

அன்று திண்ணையில் அவரிடம் நான் கேட்டது வேறு: “டீச்சர், எங்க வீட்டுல எல்லார் பேரும் வந்துருச்சா?”

அங்கன்வாடிப் பணியாளர் அரசு ஊழியர் அல்ல என்பது பழைய வழக்கு. மதிப்பூதியம் என்ற அழகான சொல்லில் ஊதியமும் இல்லை, மதிப்பும் இல்லை. முதன்மை மையப் பணியாளருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபர் முதல் 4,500 ரூபாய். மேலே மாநில அரசு சேர்த்துத் தருகிறது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. சாலையில் அவர்கள் மறியல் செய்தபோது எங்கள் பிள்ளைகளின் பள்ளி வேன் தாமதமாயிற்று என்று சலித்துக்கொண்டோம்.

எழுதுகிறவர்களாகவும் நாம் தவறினோம். முட்டை அழுகியபோது எழுதினோம், சாம்பாரில் பல்லி விழுந்தபோது, கூரைப் பூச்சு பெயர்ந்தபோது எழுதினோம். எழுத வேண்டியவையே. ஆனால் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென ஒரு பாடத்திட்டம் இருப்பதை எத்தனை பத்திரிகைகள் வாசகருக்குச் சொல்லின? பாட்டு, கதை, பொம்மலாட்டம், வகைப்படுத்தல், மணல் என்று விளையாட்டிலேயே நடக்கும் திட்டம். ப்ளே ஸ்கூல்கள் மாண்டிசோரி முறை என்று பலகை மாட்டிப் பணம் வாங்குவது இதற்குத்தான். வாங்கிக்கொண்டு நான்கு கோடு நோட்டைத் தருகிறார்கள். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் முதல் குழந்தைகள் வீட்டைத் திறந்தது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். போர்க்காலத்தில் அவர் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கி வேலை செய்தார். அவர் பெயர் இங்கே கட்டணம் வாங்கும் பலகையில் ஒட்டிக்கொண்டது. கருத்து மட்டும், யாரும் பார்க்காத பால்வாடி முறத்தில் புளியங்கொட்டையாகக் கிடந்தது.

எல்லா மையமும் அப்படி இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பக்கத்து வார்டில் ஒன்று இருக்கிறது. வாடகைக் கட்டடம், ஒரே சன்னல், கழிப்பறைக்குக் கதவு இல்லை. டீச்சர் பதவி காலியாகி, இன்னொரு மையத்தின் டீச்சரே இதையும் பார்க்கிறார். என் பிள்ளையை அங்கே விடுவேனா என்றால், இன்றும் தயங்குவேன். ஆனால் அந்தக் கழிப்பறைக்குக் கதவு இல்லாதது நேற்று நடந்ததல்ல. பதினைந்து ஆண்டுகளாக அந்த வார்டில் வரி கட்டுகிற, வாய் உள்ள ஒருவரின் பிள்ளைகூட அதற்குள் போகவில்லை.

வேலைக்கார அக்காவின் மகன் இப்போது ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளி. எங்கள் தெரு டீச்சர் இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வு பெறுகிறார். பிள்ளைகள் குறைந்த மையங்களைச் சேர்த்துவிடப் போவதாகப் பேச்சு இருக்கிறது என்றார். எங்கள் மையத்தில் பதிவேட்டில் பதினொரு பேர்.

தெருவில் இப்போது இரண்டு முதல் நான்கு வயதுக்குள் ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு வீட்டிலும் பகலில் அம்மா இருக்கிறார். ஒரு வீட்டில் அப்பாவும். போன ஞாயிறு ஆறு வீட்டுக்கும் போய் வந்தேன். இரண்டு பேர் பார்க்கலாம் என்றார்கள், மூன்று பேர் சிரித்தார்கள், ஒருவர் கதவைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போவேன். உங்கள் தெருவுக்கு நீங்கள் போக வேண்டும். பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்திருந்தால் போதும். கட்டணம் இல்லை, விண்ணப்பக் குலுக்கல் இல்லை, வருமானச் சான்று வேண்டாம், அம்மா வேலைக்குப் போகிறாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.